காலை அரசரும் பின்னேர அரசரும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட நாடக விழாவுக்கு நடுவராக வரச்சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடைக்கு மேலே வரிசையாக மைக் தொங்கியது. போதாதென்று கதாநாயகனின் கன்னத்திலும் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் அந்தப் பிள்ளை என்ன சொல்லுகிறான் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அங்கத்தைய நாடக ரீச்சர், இளம் பிள்ளை, தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தா.

"ரீச்சர், உங்கடை காலத்திலை கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை. என்னெண்டு நாடகம் போட்டனீங்கள்?"

"கத்தித்தான்" என்றேன்.

அவ பகிடி என்று நினைத்துச் சிரித்தா. நான் பகிடி விடவில்லை.

ஆசிரிய கலாசாலையில் எனக்கு நாடகம் பற்றிச் சொல்லித் தந்தவை மொத்தம் இரண்டு விஷயங்கள். குரலை வயிற்றிலிருந்து எடு. சபைக்கு முதுகைக் காட்டாதே. எண்பத்து நாலாம் ஆண்டு புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கலவன் பாடசாலைக்குத் தமிழ் படிப்பிக்கப் போனேன். இந்த இரண்டு விஷயமும் தெரிந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக நாடகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் நாடகத்தில் மந்திரியின் மீசையைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். அவன் திரைக்குப் பின்னால் காத்திருந்த நேரத்துக்குள் சோற்று மணத்துக்கு எறும்பு வந்துவிட்டது. அரசர் இறந்த செய்தி வரும் கட்டம். மந்திரி மூக்கைச் சுளிக்கிறான், உதட்டைக் கடிக்கிறான், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. முன்வரிசையில் இருந்த தாய்மார் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். அந்த வருடம் சிறந்த நடிகன் பரிசு அவனுக்குத்தான். அதற்குப் பிறகு நான் பசையை விட்டுவிட்டுச் சிரட்டைக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மீசை கீறத் தொடங்கினேன்.

முகத்துக்கு முத்துவெள்ளை, கன்னத்துக்குக் குங்குமம். கிரீடத்துக்குத் தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாள். திரைக்கு ரீச்சர்மாரின் சேலைகள். ஆருடைய சேலை எது என்று சபைக்கு முழுக்கத் தெரியும். பிறகு சண்டை கூடி, முகம் கழுவச் சவுக்காரம் கண்ணால் காணக் கிடைக்காத காலம் வந்தபோது, நாடகம் முடிந்த பிள்ளைகள் பாதி வெள்ளை முகத்தோடு ஒரு கிழமை முழுக்க வகுப்புக்கு வந்தார்கள்.

குரலுக்கு எனக்கு ஒரு முறை இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு வகுப்பறையையும் ஒரு வேப்பமரத்தையும் தாண்டிப் பள்ளிக்கூடக் கிணறு. பிள்ளைகளை மேடையில் விட்டுவிட்டு நான் போய்க் கிணற்றுக் கட்டில் இருந்துகொள்வேன். அங்கே வசனம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் "திரும்ப!" என்று கத்துவேன். அவர்களுக்கு அது கேட்கும். ஒத்திகையில் முக்கால்வாசி நேரம் நான் நாடகத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் கேட்பேன். இந்த முறை ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் அதிபர் சபாரத்தினம் சேர் நெடிய மனிதர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கொக்கு வயலில் நடக்கிற மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். கொஞ்சத் தூரம் நடந்ததும் நின்று வானத்தைப் பார்ப்பார். முதுகு நோவுக்காக ஒரு சிவப்புக் குஷன் வைத்திருந்தார். காலையில் அது சைக்கிள் கரியரில் வரும், மத்தியானம் அதிலேயே வீட்டுக்குப் போகும்.

அவர் தன் வாழ்க்கையில் ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். குனிந்தபடி பாப்பம் என்றால் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாப்பம் என்றால் ஓம். சைக்கிளில் ஏறிக்கொண்டு பாப்பம் என்றால் நாங்கள் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. இதைப் படிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதும் வடக்குக் கரையோரச் சனம் எல்லாம் எழும்பி எங்கள் பக்கம் வந்தது. அவர்களோடு அவர்களின் பள்ளிக்கூடமும் வந்தது. கட்டடம் வரவில்லை, பிள்ளைகள், ஆசிரியர்கள், ஒரு சுருட்டிய உலகப்படம், அதிபர் டானியல் சேர். கல்வி அதிகாரிகளின் கந்தோர் எங்கள் கட்டடத்தை இரண்டு நேரமாகப் பிரித்துவிட்டது. காலை எங்களுக்கு, பின்னேரம் அவர்களுக்கு.

டானியல் சேர் கட்டையான, உருண்டையான மனிதர். எதைக் கேட்கவும் "ஒரு சின்ன விசயம்" என்றுதான் தொடங்குவார். அவர் முதல் நாள் வந்து கேட்ட சின்ன விசயம் பாதிப் பள்ளிக்கூடம். இரண்டாம் நாள் கேட்டது ஆய்வுகூடச் சாவி.

மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடம் முடிந்து அவர்களுடையது தொடங்கும் இடைவெளியில் இரண்டு அதிபர்களும் ஒரு கந்தோரில் இருக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு நல்ல கதிரை. சபாரத்தினம் சேர் மணி அடிக்கிற இரும்புக் கம்பியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். டானியல் சேர் எங்கிருந்தோ லொறிச் சில்லின் றிம் ஒன்றைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டார். அதன் சத்தம் எங்கள் மணியைவிடப் பெரிது. சபாரத்தினம் சேருக்கு அது பெரிய மனவருத்தம்.

இரண்டு வருடத்தில் சின்னச் சின்னப் புகைச்சல் எல்லாம் பெரிய நெருப்பாகிவிட்டது. பிள்ளைகள் இருக்கிற வாங்கு உடைந்தால் பின்னேரக்காரர். கிணறு வற்றினால் பின்னேரக்காரர். பின்னேரக்காரருக்கோ, வெண்கட்டி ஒளிக்கப்படுகிறது, காலைக்காரர் கரும்பலகையில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் என்று கோபம். எங்கள் பெற்றார் சங்கத்தில் தம்பிராசா அண்ணை என்றொருவர், அரிசி மில் வைத்திருந்தவர், பின்னேரப் பள்ளிக்கூடத்தை எங்கள் கட்டடத்திலிருந்து எழுப்பச் சொல்லிக் கல்விக் கந்தோருக்குப் போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார். "உவையளை வேறை இடம் பாக்கச் சொல்லுங்கோ சேர்" என்றார். சபாரத்தினம் சேர் குனிந்தும் சொல்லாமல், கண்ணாடியையும் கழற்றாமல், நேரே பார்த்துக்கொண்டு "பாப்பம்" என்றார். அது எனக்குத் தெரியாத நாலாவது பாப்பம். பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் இங்கே வந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு தரம் இடம் மாறியவர்கள். இனிப் போவதென்றால் மரத்தடிதான்.

கலைவிழாக் காலம் வந்தது. சனம் கூடுகிற இடத்தைப் பார்த்துக் குண்டு போடுகிற பொம்மர் வரும் என்ற பயத்தில், இரண்டு விழா வேண்டாம், ஒன்றாகச் செய்யுங்கோ என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். ஒரு விழா, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு நாடகம். அது என் பொறுப்பு.

"அரசன் எங்கடை பெடியனாய் இருக்கட்டும்" என்று தொடங்கினார் சபாரத்தினம் சேர். "மண்டபம் எங்கடை."

"ஒரு சின்ன விசயம் ரீச்சர்" என்றார் டானியல் சேர். "எங்கடை பிள்ளையள் வீடு வாசலை விட்டிட்டு வந்ததுகள். மேடையிலையாவது ஒரு சிம்மாசனம் கிடைக்கட்டுமே."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். "இரண்டு அரசர் இருந்தால்?" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

சபாரத்தினம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பம்."

அப்படிப் பிறந்ததுதான் அந்த நாடகம். ஒரு நாட்டில் அரசர் இறந்துவிடுகிறார். இரட்டைப் பிள்ளைகள், ஆர் மூத்தவர் என்று மருத்துவிச்சிக்கு மறந்துவிட்டது. ஆகவே காலையில் ஒருவர் ஆட்சி, பின்னேரம் மற்றவர் ஆட்சி. காலையில் கத்தரி நடச் சொல்வார் ஒருவர். பின்னேரம் அதைப் பிடுங்கி மிளகாய் நடச் சொல்வார் மற்றவர். "இந்தக் கிணறு காலையில் என்னுடையது!" என்பார் காலை அரசர். "பின்னேரம் யாருடையது, அரசே?" என்று கேட்பான் மந்திரி. கடைசியில் பகைவர் நடுமத்தியானத்தில் படையெடுத்து வருகிறார்கள். காலை அரசர் தன் நேரம் முடிந்துவிட்டது என்கிறார். பின்னேர அரசர் தன் நேரம் இன்னும் தொடங்கவில்லை என்கிறார். எழுதும்போது அரசர்களுக்குச் சமமான வசனம் கொடுப்பதிலேயே என் மூளை நின்றது. வேறு எதையும் நான் நினைக்கவில்லை. இதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

காலை அரசன் எங்கள் மோகன், நெடுவல். பின்னேர அரசன் அவர்களின் அன்ரன். மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன். கடல் காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகின குரல். முதல் நாளே இரண்டு பேருக்கும் ஒரு மேசையைப் பற்றிச் சண்டை. காலையில் மோகன் இருக்கும் மேசையில்தான் பின்னேரம் அன்ரன் இருப்பது. ஒருவன் பெயர் வெட்ட, மற்றவன் அதை அழித்துத் தன் பெயர் வெட்ட, மேசையில் பள்ளமே விழுந்துவிட்டது.

ஒத்திகை அந்த மத்தியான இடைவெளியில். நான் வழமைபோலக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். குரல் அருமையாக வந்தது. அன்ரன் வாயைத் திறந்தால் வாளியில் தண்ணீர் ஆடும். இரண்டு மூன்று நாளில் சிரிப்புச் சத்தமும் வரத் தொடங்கியது. பிள்ளைகள் ஒற்றுமையாகிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம்.

விழாவுக்கு முதல்நாள் உடுப்புப் போட்டு ஒத்திகை. அன்றைக்குத்தான் மண்டபத்துக்குள் இருந்து பார்த்தேன்.

திரை விலகியது. காலை அரசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். நடுமேடையில் நின்று வானத்தைப் பார்த்தார். கக்கத்தில் ஒரு குஷன். சிவப்பு. எதிர்ப்பக்கத்தால் பின்னேர அரசர் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு உருண்டு உருண்டு வந்து, "ஒரு சின்ன விசயம், அரசே" என்றார்.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன். "மோகன், உது என்ன நடை?"

"அரச நடை ரீச்சர்."

"ஆரைப் பாத்துப் பழகினனீ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எங்களுக்குத் தெரிஞ்ச அரசர் உவர் ஒராள்தானே ரீச்சர்."

குஷனைப் பறித்தேன். தலையணையை அவிழ்த்தேன். பழைய ராசாக்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கச் சொன்னேன். நடந்தார்கள், இரண்டு மரக்கட்டைகள் நடக்கிற மாதிரி இருந்தது. பரவாயில்லை என்றேன். அதிபரைப் பகிடி பண்ணின நாடகம் என்றால் மோகனுக்கு நற்சான்றுப் பத்திரம் இல்லை, எனக்கு வன்னிக்கு மாற்றம். அன்ரனின் பள்ளிக்கூடத்துக்கோ, தம்பிராசா அண்ணைக்குத் தேவையான சாட்டு இலவசமாகக் கிடைத்துவிடும்.

விழா அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்து யன்னலிலும் சனம். முன்வரிசையில் இரண்டு அதிபர்களும் பக்கத்தில் பக்கத்தில். காலைப் பெற்றார் ஒரு பக்கம், பின்னேரப் பெற்றார் மறுபக்கம், கலியாண வீட்டில் கோபக்காரச் சொந்தங்கள் மாதிரி. பிள்ளைகள் சொன்ன சொல் கேட்டு நெஞ்சை நிமிர்த்தி நடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கிணற்றுக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் சிரிப்பு. நான் திரைக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மந்திரி ஓடிவந்தான். "அரசே, பகைவர் வந்துவிட்டார்கள்!"

அந்த நேரம் பார்த்து வடக்குப் பக்கம் இரைச்சல் கேட்டது.

"நல்ல சத்தம் போட்டிருக்கினம்" என்று ஒரு முதியவர் பாராட்டியது எனக்குக் கேட்டது. அடுத்த கணம் "பொம்மர்! பொம்மர்!" என்று சபை எழும்பியது. பிள்ளைகள் முற்றத்து ஓரத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடினார்கள், சனம் வேப்பமரத்தடிக்கும் மதிலோரத்துக்கும் ஓடியது. நான் இரண்டு அரசர்களையும் கிரீடத்தோடேயே இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் தள்ளினேன்.

திரும்பிப் பார்த்தால், முற்றத்தின் நடுவில் சபாரத்தினம் சேர் தனியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.

"சேர், பங்கருக்கை வாங்கோ!" என்று கத்தினேன்.

"பாப்பம்" என்றார்.

அப்போது டானியல் சேர் மண்டபத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். அந்த உடம்போடு அவர் ஓடக்கூடியவர் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ஒரு கையில் சபாரத்தினம் சேரின் குஷன். மற்றக் கையால் சபாரத்தினம் சேரைப் பிடித்து, "பாக்கிறதை உள்ளுக்கை இருந்து பாருங்கோ!" என்று இழுத்துக்கொண்டு வந்து பங்கருக்குள் விழுந்தார். ஊர் முழுக்க இதைப் பார்த்தது.

குண்டு தூரத்தில், ஆள் இல்லாத வெளியில் விழுந்தது. நிலம் அதிர்ந்தது, மண் கொட்டியது. பங்கருக்குள் இரண்டு அரசர்களும் இரண்டு அதிபர்களும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்கள். டானியல் சேர் குஷனை நீட்டினார். சபாரத்தினம் சேர் அதை வாங்கித் தன் கீழே வைக்காமல், பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அன்ரனின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

இரைச்சல் அடங்கி வெளியே வந்ததும் விழாவை நிறுத்துவதா என்று கேட்டேன். ஒருவரும் வீட்டுக்குப் போகிற மாதிரித் தெரியவில்லை. பயந்த சனத்துக்குத் தனியே போகப் பிடிக்காது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இல்லாமல் கலந்து போய் இருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

"அரசே, பகைவர் வந்துவிட்டார்கள்! ஓடுங்கள்!" என்றான் மந்திரி.

மோகன் சபையைப் பார்த்தான். மெதுவாக இரண்டு கையையும் பின்னால் கட்டினான். வானத்தைப் பார்த்தான்.

"பாப்பம்" என்றான்.

கூரை ஓடு கழன்று விழுகிற மாதிரிச் சிரிப்பு. அன்ரன் உருண்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். "ஒரு சின்ன விசயம், அரசே! முதலிலை உள்ளுக்கை வாருங்கோ!" என்று இழுத்தான். எழுதிய வசனம் ஒன்றுகூட அதற்குப் பிறகு வரவில்லை. சனம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. சற்று முன்னால் செத்துப்போவோம் என்று நினைத்த சனம்.

நான் சேலைத் திரையின் ஓட்டையால் முன்வரிசையைப் பார்த்தேன். சபாரத்தினம் சேர் டானியல் சேரின் பக்கம் சாய்ந்து சொல்வது கேட்டது.

"அந்தக் கட்டையன் உங்களை மாதிரிக் கிடக்கு."

"ஓம் சேர். மற்றவர் ஆர் எண்டு தெரியுதோ?"

சபாரத்தினம் சேர் நெடுநேரம் மேடையைப் பார்த்தார். "பாத்த முகமாய்த்தான் கிடக்கு" என்றார்.

அடுத்த கிழமை பெற்றார் சங்கக் கூட்டம். தம்பிராசா அண்ணை எழும்பி, "காலையிலை அந்தக் கிணறு எங்கடை" என்று தொடங்கினார். பின்னாலிருந்து ஆரோ, "பின்னேரம் யாருடையது, அரசே?" என்றார்கள். கூட்டம் சிரித்தது. அவர் திரும்பத் தொடங்கினார். திரும்பவும் அதே குரல். மூன்றாம் முறை அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சிரித்த வாயால் ஒருவரை எழும்பிப் போ என்று சொல்ல முடியாது போலும். அந்தக் கதை அதோடு போயிற்று.

என் கதை போகவில்லை. சபாரத்தினம் சேர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். நான் மாற்றத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரீச்சர், என்ரை மனிசி சொல்லுறா, அந்தக் காலை அரசர் நான்தானாம்."

நான் கதவைத் திரும்பவும் இழுத்துச் சாத்தினேன்.

"நான் அப்பிடியே நடக்கிறனான்?"

"சேர், அது வந்து..."

அவர் எழும்பினார். "இப்ப பாருங்கோ" என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டாமல், காலைத் தூக்காமல், மேசையிலிருந்து அலுமாரி வரை நடந்து காட்டினார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதி வழியில் கை தானாகப் பின்னால் போனது. அலுமாரியடியில் நின்று வானத்தைப் பார்த்தார். அங்கே ஓடுதான் இருந்தது. கதவு திறந்தது. டானியல் சேர், தன் நேரத்துக்கு வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மோகன் இதைவிட வடிவாய்ச் செய்தவன், சேர்" என்றார்.

சபாரத்தினம் சேர் சிரித்ததை நான் முதன்முதலாகக் கண்டது அன்றைக்குத்தான். நெடிய மனிதர்கள் சிரித்தால் முழு உடம்பும் மடிய வேண்டியிருக்கிறது. எனக்கு மாற்றம் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து மணி அடிக்கிற கம்பி லாச்சிக்குள் பூட்டப்படவும் இல்லை.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் சண்டை நெருங்கி வர, ஊர் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. அப்போது எங்கள் பள்ளிக்கூடமும் எழும்பியது. மழைக்குள், சைக்கிளும் மூட்டையுமாக, வழியில் இருந்த பாலத்தை நெரிசலில் கடந்தோம். சில வாரங்கள் கழித்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, எங்கேயாவது வகுப்பு நடத்தலாம் என்று சபாரத்தினம் சேர், டானியல் சேர், நான் மூன்று பேரும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முற்றத்தில் அவர்களின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூட அதிபர் கந்தோர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

வெளிவாசல் படலையடியில் சபாரத்தினம் சேர் நின்றுவிட்டார். அவருடைய வேட்டி முழுக்கச் சேறு.

"நீங்கள் போய்க் கதையுங்கோ, டானியல்" என்றார். "உங்களுக்குத்தானே இடம் கேட்டுப் பழக்கம்."

டானியல் சேர் முகத்தைத் துடைத்தார். "இதிலை பழக்கம் எண்டு ஒண்டும் இல்லை, சேர். ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரி வெக்கந்தான்."

சபாரத்தினம் சேர் படலையைத் தானே தள்ளித் திறந்து முன்னால் நடந்தார். டானியல் சேர் அவருக்குப் பக்கத்தில் போனார். எங்களுக்கு நாலு வகுப்பறையும் ஒரு புளியமரத்தடியும் கிடைத்தன. பின்னேரம்.